சிறு கண்களுக்கு முப்பது நாள்



குறைமாதத்தில் பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரும் நாள் எத்தனை ஆனந்தமானது என்பதை, அந்த வழியைக் கடந்து வந்த குடும்பத்தார் நன்றாக அறிவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த பிள்ளை, இப்பொழுது தாயின் மடியில் பால் குடிக்கிறது. எடை கூடியிருக்கிறது. அழுகையிலும் பலம் வந்திருக்கிறது. "ஆபத்து நீங்கிவிட்டது" என்று உறவினர் எல்லாரும் மகிழுகிறார்கள்.

ஆனால் அநேகக் குறைமாதக் குழந்தைகளுக்கு, கண்களின் ஆபத்து அந்த நாட்களிலேதான் ஆரம்பமாகிறது. அது வெளியே தெரிவதில்லை. கண் சிவப்பதில்லை, பீளை தள்ளுவதில்லை, குழந்தை வேதனைப்பட்டு அழுவதுமில்லை. குறித்த நாட்களுக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். நாட்கள் தவறினால், எவ்வளவு பெரிய மருத்துவமனைக்குச் சென்றாலும் இழந்ததை மீட்பது அரிது.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். கணவர் பிழைப்பைத் தேடி இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்தமான் நிக்கோபாருக்குச் சென்று, தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபார் தீவின் கேம்ப்பெல் பே என்னும் ஊரில் வேலை செய்கிறார். மனைவிக்கு முப்பத்தொன்றாம் வாரத்திலேயே பிரசவ வேதனை கண்டுவிட, அவசரமாக போர்ட் பிளேருக்குக் கொண்டுவருகிறார்கள். 1,400 கிராம் எடையில் ஆண்பிள்ளை பிறக்கிறது. இருபத்திரண்டாம் நாளில் வீட்டிற்கு அனுப்புகிறார்கள். "முப்பது நாள் முடியுமுன் கண் பரிசோதனை" என்று சீட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடந்து ஊர் திரும்புகிறார்கள். எட்டே நாளில் மறுபடியும் கப்பலா? மழைக்காலம் வேறு. வீட்டிலிருக்கும் பாட்டியார் சொல்லுகிறார்: "நாற்பது நாள் ஆகாத பச்சைப் பிள்ளையை எங்கே கடல்மேல் தூக்கிக்கொண்டு அலைவது? கண் நன்றாகத்தானே இருக்கிறது!"

இது கற்பனைக் குடும்பந்தான். ஆனால் இதிலுள்ள நாள் கணக்கு கற்பனையல்ல. அந்தப் பாட்டியாரின் சொல்லும் நம் வீடுகளில் கேட்டுப் பழகியதே. ஆகையால் இந்த நோயைக் குறித்தும், செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படும் புதிய உதவியைக் குறித்தும் இந்த இதழில் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் பின்சுவரில் மெல்லிய திரை ஒன்று உண்டு. அதுவே விழித்திரை. நாம் காணும் காட்சி அதன்மேல் விழுந்துதான் மூளைக்குச் செல்லுகிறது. இந்தத் திரைக்கு ஆகாரமும் பிராணவாயுவும் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள், கருவின் பதினாறாம் வாரமளவில் கண்ணின் நரம்பருகே தொடங்கி, வெளிப்புறமாகக் கொடிபோல் படர்ந்து செல்லுகின்றன. அவை திரையின் ஓரத்தை முழுவதும் எட்டுவதற்கு ஏறத்தாழ நாற்பது வாரங்கள் ஆகும். அதாவது, நிறைமாதம் ஆகும்போதுதான் அந்த வேலை முடிகிறது.

முப்பதாம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொடி பாதி வழியில் நிற்கிறது. தாயின் வயிற்றில் இருந்ததைவிட வெளியே பிராணவாயு அதிகம். சிகிச்சைக்காகக் கொடுக்கப்படுவது அதற்கும் அதிகம். எனவே குழாய்களின் வளர்ச்சி நின்றுபோகிறது. சில வாரங்கள் கழித்து, குழாய் சென்று சேராத விழித்திரைப் பகுதி பிராணவாயு போதாமல் தவிக்கிறது. அப்பொழுது புதிய குழாய்களை வருவிக்கும் ஒரு புரதம் அங்கே மிகுதியாகச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் முளைக்கும் குழாய்கள் ஒழுங்கற்றவை, பலவீனமானவை. அவை இரத்தம் கசியும், தழும்பாகிச் சுருங்கும், சுருங்கும்போது விழித்திரையையே பிடித்து இழுத்துச் சுவரிலிருந்து பிரித்துவிடும். இதுவே குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். மருத்துவமனைகளில் ஆர்.ஓ.பி. என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள்.

இந்நோயை ஐந்து கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலிரு கட்டங்களிலுள்ள அநேகக் குழந்தைகளுக்குச் சிகிச்சையின்றியே அது தணிந்துவிடும். சிலருக்கு மாத்திரம் விரைவாக முற்றுகிறது. திரையிலுள்ள குழாய்கள் வீங்கி, பாம்புபோல் நெளிந்து காணப்பட்டால் அது அபாய அறிகுறி. அப்பொழுது இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சையோ, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தோ கொடுக்கவேண்டும். ஐந்தாம் கட்டத்தில் திரை முழுவதும் பிரிந்துவிடுகிறது. அதன்பின் அறுவை சிகிச்சை செய்தாலும் நல்ல பார்வை கிடைப்பது அபூர்வம்.

அந்தக் கேம்ப்பெல் பே குழந்தையின் கணக்கை இப்பொழுது பாருங்கள். முப்பத்தொரு வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு முப்பதாம் நாளில் கருக்கணக்கின்படி முப்பத்தைந்து வாரம். நோய் முற்றுமானால், பெரும்பாலும் அது முற்றுவது ஏறத்தாழ அந்த வாரங்களிலேதான். "அடுத்த கப்பலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவது, காய்ச்சலுக்கு மருந்து வாங்க இரண்டு நாள் தாமதிப்பதைப் போன்றதல்ல.

உயிர் காத்த வாயு

இந்த நோய்க்கு ஒரு துக்கமான சரித்திரம் உண்டு. 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தியோடர் டெரி என்னும் கண் மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார். அக்காலத்தில் இன்குபேட்டர் பெட்டிகள் முன்னேறியிருந்தன. பிழைக்கமாட்டா என்று கைவிடப்பட்ட சிசுக்கள் பிழைத்தன. ஆனால் பிழைத்த பிள்ளைகளில் அநேகர் பார்வையற்றவர்களாயினர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்விதமாய்ப் பார்வை இழந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. 1950இல் குறைமாதத்தில் பிறந்து, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இசைக்கலைஞரான ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர்.

1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த டாக்டர் கேட் கேம்ப்பெல் அம்மையார், அளவின்றிக் கொடுக்கப்பட்ட பிராணவாயுவே காரணமாயிருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். பின்பு அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதி செய்தது. உடனே பிராணவாயுவைக் கடுமையாகக் குறைத்தார்கள். அதனால் கண்கள் தப்பின. ஆனால் உயிரிழப்பும் மூளைப் பாதிப்பும் கூடின. உயிருக்கு அவசியமான வாயுவை எவ்வளவு கொடுப்பது என்பதே கேள்வி என்று மருத்துவ உலகம் அப்பொழுது கற்றுக்கொண்டது. இன்று, குழந்தையின் பாதத்தில் சிறு கருவியைக் கட்டி, இரத்தத்திலுள்ள பிராணவாயு பொதுவாக 90 முதல் 95 சதவீதத்திற்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுகிறார்கள். வாயுவையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுக்கும் கருவியும் உண்டு. இவை உள்ள இடத்தில் நோய் குறைகிறது; இல்லாத இடத்தில் கூடுகிறது.

நம் தேசத்தின் கணக்கு

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள். அவர்களில் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இப்பொழுது நம் மாவட்டத் தலைநகர்களிலும் வந்துவிட்டன. முன்பு மரித்துப்போயிருக்கக் கூடிய பிள்ளைகள் இன்று பிழைக்கிறார்கள். இது பெரிய நன்மை. ஆனால் உயிரைக் காக்கும் ஏற்பாடு சென்ற இடமெல்லாம் கண்ணைப் பரிசோதிக்கும் ஏற்பாடும் கூடவே செல்லவில்லை. 2010இல் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையை முற்றிலுமோ பெரும்பகுதியோ இழந்தார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மேலைநாடுகளில் மிகச் சிறிய சிசுக்களுக்கே இந்நோய் கடுமையாக வருகிறது. நம் நாட்டிலோ, சற்றுப் பெரிய குழந்தைகளும் பாதிக்கப்படுகிறார்கள். எனவேதான் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் மத்திய அரசின் குழந்தைநலத் திட்டத்தில் 2017இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் வரம்பை விரிவாக வைத்திருக்கின்றன. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள ஒவ்வொரு குழந்தையின் விழித்திரையையும் பிறந்து முப்பது நாட்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களையும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களையும் இரண்டு மூன்று வாரங்களுக்குள்ளாகவே பார்க்கவேண்டும். 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களானாலும், நோய்த்தொற்று, நீண்டநாள் பிராணவாயு சிகிச்சை போன்றவை இருந்திருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

இதன் முக்கியத்துவத்தை உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கண்களைப் பரிசோதிக்கவேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவில்லை. சில மாதங்கள் கழித்தே பார்வை போய்விட்டதை அறிந்தார்கள். பல்லாண்டு வழக்கிற்குப்பின், 2015 ஜூலை 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அக்குடும்பத்திற்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது. அவ்வளவு பணமும் ஒரு பரிசோதனைக்கு ஈடாகுமா?

தீவுகளும் தூரமும்

அந்தமான் நிக்கோபாரில் 800க்கும் அதிகமான தீவுகள் உண்டு. அவற்றில் ஜனங்கள் வாழ்வது முப்பதுக்குச் சற்றே மேற்பட்டவற்றில் மாத்திரம். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறைமுகத்திலும் கட்டடவேலையிலும் கடைகளிலும் அரசுப் பணியிலும் உழைக்கும் நம் ஜனங்கள் இவர்கள். பெரிய அரசு மருத்துவமனை ஜி.பி. பந்த் மருத்துவமனை, அது, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இருக்கிறது. 2015 முதல் அங்கே மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது. ஆனால் அங்கிருந்து சென்னைக்குக் கடல்வழி 1,200 கிலோமீட்டர். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணிநேரத்துக்குச் சற்று அதிகம். வெளித்தீவுகளிலிருந்து போர்ட் பிளேர் வருவதற்கே ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். காற்று எழும்பினால் அதுவும் நிச்சயமில்லை.

குழந்தையின் விழித்திரையைப் பரிசோதிக்க, அதிலே பழகிய கண் மருத்துவர் தேவை. தேசம் முழுவதும் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஒவ்வொரு தீவுக்கும் ஒருவரை அனுப்புவது நடவாத காரியம். அப்படியானால், மருத்துவரின் கண்ணைத் தீவுக்குக் கொண்டுசெல்லும் வழி என்ன?

தூரத்திலிருந்து மருத்துவம் பார்ப்பது இத்தீவுகளுக்குப் புதிதல்ல. 2001இல் இஸ்ரோ நிறுவனம் தொலைமருத்துவத் திட்டத்தைத் தொடங்கிய ஆரம்ப ஆண்டுகளிலேயே, ஜி.பி. பந்த் மருத்துவமனை செயற்கைக்கோள் வழியாகச் சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி தீவுகளைத் தாக்கியபோது அந்த இணைப்பு உதவியாயிருந்தது. ஆனால் செயற்கைக்கோள் இணைப்பு மெல்லியது. பெரிய படங்களை அனுப்பத் தாமதமாகும். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி அந்த நிலை மாறியது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் அன்று திறந்துவைக்கப்பட்டது. அது போர்ட் பிளேருக்கும், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் செல்லுகிறது. நிக்கோபார் மக்களிலிருந்து எழும்பிய முதல் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் அவர்களின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை நிற்கும் கார் நிக்கோபாரிலிருந்து, ஒரு குழந்தையின் கண் படம் சில நொடிகளில் சென்னைக்கு வந்துசேர இன்று பாதை இருக்கிறது.

படம் எடுப்பவர் ஓரிடம், பார்ப்பவர் ஓரிடம்

இவ்விதமாய்ப் படம் அனுப்பிப் பரிசோதிக்கும் முறை நம் தென்னிந்தியாவிலேயே தேறியது. 2008இல் பெங்களூரு நாராயண நேத்ராலயா மருத்துவமனையின் டாக்டர் ஆனந்த் வினேகர் குழுவினர் 'கிட்ராப்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் குழந்தைகளுக்கான விழித்திரைக் கேமராவை வண்டியில் எடுத்துக்கொண்டு, கர்நாடகத்தின் உள்மாவட்ட மருத்துவமனைகளுக்கு வாரந்தோறும் சென்றார்கள். அங்கே எடுத்த படம் இணையம் வழியாக நிபுணருக்குச் செல்லும். அவர் தம் கைப்பேசியிலேயே பார்த்துப் பதில் சொல்லுவார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனையும் சுற்றுவட்டார மருத்துவமனைகளுக்காக இத்தகைய பணியைச் செய்தது.

ஆயினும் ஒரு தடை மீதியாயிருந்தது. படங்கள் ஆயிரக்கணக்கில் குவியும்போது, அவற்றைப் பார்ப்பதற்கு நிபுணர்களின் நேரம் போதாது. மேலும், ஒரே படத்தைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்லுவதும் உண்டு. குழாய் 'சற்று நெளிந்திருக்கிறது' என்பதற்கும் 'அதிகமாய் நெளிந்திருக்கிறது' என்பதற்கும் நடுவே கோடு எங்கே?

கணினி எப்படிக் கற்றுக்கொள்ளுகிறது?

செயற்கை நுண்ணறிவு இங்கேதான் உதவிக்கு வருகிறது. நிபுணர்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொன்ன ஆயிரக்கணக்கான படங்களைக் கணினிக்குக் காட்டுகிறார்கள். "இது நோயற்ற கண், இது நோயின் ஆரம்பம், இது அபாயம்" என்ற குறிப்போடு ஒவ்வொரு படத்தையும் பார்க்கப் பார்க்க, குழாய்களின் பருமனிலும் நெளிவிலும் உள்ள வித்தியாசத்தைக் கணினி தானாகவே கணக்கிடப் பழகுகிறது. பின்பு புதிய படத்தைக் கொடுத்தால், நோயின் கடுமையை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண்ணாகச் சொல்லுகிறது.

இவ்வகையில் அமெரிக்க ஆய்வாளர்கள் 5,000க்கும் அதிகமான படங்களைக் கொண்டு பழக்கிய ஒரு கணினி நிரலின் விவரம் 2018இல் வெளியாயிற்று. 100 படங்களை வைத்து நடத்திய சோதனையில், எட்டு நிபுணர்களில் ஆறு பேரைவிட அது சரியாகச் சொல்லிற்று. 2021இல் நம் அரவிந்த் மருத்துவமனையின் தொலைப் பரிசோதனைத் திட்டத்தில் எடுக்கப்பட்ட 363 குழந்தைகளின் படங்களைக் கொண்டு அதைச் சோதித்த முடிவு வெளிவந்தது. சிகிச்சை தேவைப்பட்டவர்களில் ஒருவரையும் கணினி தவறவிடவில்லை. சிகிச்சை தேவைப்படாதவர்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேரைச் சரியாகப் பிரித்துக்காட்டியது; மற்ற இருபத்திரண்டு பேரை வீணாகச் சந்தேகித்தது. வீண் சந்தேகம் ஒரு பயணச் செலவோடு போகும். தவறவிட்டால் ஒரு வாழ்நாள் போகும். ஆகையால் பரிசோதனையின் முதற்படிக்கு இது ஏற்ற குணமே.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. பிராணவாயுவைக் கலந்து அளக்கும் கருவிகள் இருந்த பிரிவுகளில் நோயின் கடுமை குறைவாயிருந்தது. அதாவது, கணினியின் மதிப்பெண் குழந்தையின் கண்ணை மாத்திரமல்ல, அக்குழந்தையைப் பராமரித்த பிரிவின் குறையையும் வெளிப்படுத்த வல்லது.

கணினியால் ஆகாதவை

இவ்வளவும் கேட்டு, இனி இயந்திரமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணிவிடலாகாது. படத்தில் விழாத பகுதியைக் கணினி காணாது. குழந்தை அசைந்து படம் மங்கினால் அதன் தீர்ப்பும் மங்கும். ஒருவகைக் கேமராவின் படங்களில் பழகிய கணினி, வேறுவகைக் கேமராவின் படங்களில் தடுமாறியதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே கணினி 'சந்தேகம்' என்று சொன்ன குழந்தையை மருத்துவர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. படம் கேபிளின் வழியாகக் கடலைக் கடக்கும். லேசர் சிகிச்சை கடக்காது. சிகிச்சை தேவை என்று தெரிந்தபின், இரண்டு மூன்று நாளுக்குள் குழந்தை அந்தச் சிகிச்சை கிடைக்கும் இடத்துக்குச் சென்றாகவேண்டும். முதலாவது, அந்தப் படம் எடுப்பதற்கே யாராவது ஒருவர் குழந்தையைக் குறித்த நாளில் கொண்டுபோகவேண்டும். அதைச் செய்கிறவர்கள் பெற்றோரும் உறவினருமே.

நாற்பது நாளும் முப்பது நாளும்

நம் வீடுகளில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் முப்பது அல்லது நாற்பது நாள் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதது. ஆராதனைக்கும்கூட அதன் பின்னரே கொண்டுவருவோர் அநேகர். தாய்க்கு இளைப்பாறுதலும் பிள்ளைக்கு நோய்த்தொற்றிலிருந்து காவலும் தரும் நல்ல நோக்கம் இதில் உண்டு. நிறைமாதப் பிள்ளைக்கு இது நன்மையே. ஆனால் குறைமாதப் பிள்ளைக்கு, நாம் கதவை அடைத்துக் காக்கும் அந்த நாட்களுக்குள்ளேயே பரிசோதனை நாள் வந்து போய்விடுகிறது. ஆகையால் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஒரு பயணத்துக்கு மாத்திரம் விலக்குக் கொடுக்கவேண்டும்.

மற்றொன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லுவது. தீவிலிருந்து மகள் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ வருகிறாள். அல்லது, தீவில் பெற்று, பிள்ளையோடு தாய்வீடு புறப்படுகிறாள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு ஊருக்கு மாறும்போது பரிசோதனைச் சீட்டு பையின் அடியில் தங்கிவிடுகிறது. "அங்கே பார்த்திருப்பார்கள்" என்று இங்கேயும், "இங்கே பார்ப்பார்கள்" என்று அங்கேயும் நினைத்துக்கொள்ளுகிறார்கள்.

ஜெபிக்கிற குடும்பங்களில் வேறொரு தயக்கமும் எழும்பக்கூடும். ஜெபித்தபின் பரிசோதனைக்குக் கொண்டுபோவது அவிசுவாசமாகாதா என்பார்கள். குழந்தை பிழைக்கவேண்டுமென்று ஜெபித்துக்கொண்டே அதை இன்குபேட்டரில் வைத்தோமல்லவா? அப்படியே கண்களுக்காகவும் ஜெபித்து, கண்களைக் காட்டவும் செய்வோம்.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை

1. குழந்தை எத்தனையாம் வாரத்தில், எத்தனை கிராம் எடையில் பிறந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். வீடு வந்த தேதியிலிருந்து அல்ல.

2. வீட்டிற்கு அனுப்பும்போது, "விழித்திரைப் பரிசோதனை ஆயிற்றா? அடுத்தது எந்தத் தேதி? எந்த இடம்?" என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெளித்தீவுக்குத் திரும்புகிறவர்கள், முதல் பரிசோதனையை முடித்துக்கொண்டே புறப்பட வழியுண்டா என்று கேளுங்கள்.

3. ஒரு பரிசோதனையோடு முடிவதில்லை. குழாய்கள் முழுவதும் வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும்.

4. பரிசோதனைக்கு முன் பாப்பா விரியச் சொட்டுமருந்து விடுவார்கள். வாந்தி வராதபடி எத்தனை மணிநேரத்துக்கு முன் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணைத் திறந்து பிடிக்கும்போது குழந்தை அழும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த அழுகையைக் கண்டு அடுத்த முறையை நிறுத்திவிடாதிருங்கள்.

5. கண் மையோ, எண்ணெயோ, தாய்ப்பாலோ கண்ணில் விடவேண்டாம். தாய்ப்பாலைக் குடிக்கக் கொடுங்கள். குழந்தையை மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் 'கங்காரு' பராமரிப்பும் குறைமாதக் குழந்தையின் வளர்ச்சிக்கு நல்லது.

6. முன்சொன்ன மத்திய அரசுத் திட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. செலவைக் குறித்துப் பயந்து தள்ளிப்போடாமல், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

7. நோய் தணிந்த பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் கிட்டப்பார்வையோ மாறுகண்ணோ வரலாம். பள்ளிக்குச் செல்லுமுன் வருடந்தோறும் கண்களைக் காட்டுங்கள்.

சபையாராகிய நாம்

சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் வாழும் வாசகர்களே, நம்மில் அநேகர் சொந்த ஊரை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள். தெரிந்த முகம் ஒன்றுமில்லாத ஊரில், மருத்துவமனை வாசலில் நிற்பது எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். தீவிலிருந்து கைக்குழந்தையோடு வந்திறங்கும் குடும்பத்துக்குச் சிகிச்சைச் செலவைவிடப் பெரிய பாரம், தங்குவதற்கு ஓர் இடமும், மருத்துவமனைக்கு வழிகாட்ட ஓர் ஆளும் இல்லாததே. மூன்று நாள் ஒரு அறை, ஒரு வேளை ஆகாரம், கூடவே செல்ல ஒரு சகோதரி. இவ்வளவு இருந்தால் அநேகர் தயங்காமல் புறப்பட்டு வருவார்கள்.

தீவுகளிலுள்ள சபைகள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சபையில் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டவுடன், ஜெபக்குறிப்பில் பிள்ளையின் பெயரோடு முப்பதாம் நாளின் தேதியையும் எழுதிவைக்கலாம். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக யாராவது ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, "சீட்டு எங்கே அக்கா? கப்பல் என்றைக்கு?" என்று கேட்டால் போதும்.

கேம்ப்பெல் பேயின் அந்தப் பாட்டியாரைத் திரும்ப நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேரனை நேசிக்கிறவர். கடலையும் குளிரையும் எண்ணி அஞ்சினாரேயன்றி, வேறொரு தீங்கையும் நினைத்தவரல்ல. யாராவது அவர் அருகில் அமர்ந்து நாள் கணக்கைப் பொறுமையாய் எடுத்துச் சொன்னால், பேரனைச் சால்வையில் சுற்றிக்கொண்டு முதலில் கப்பலேறுகிறவர் அவராகவே இருப்பார்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அப்படியே மடித்து வைத்துவிடாதிருங்கள். உங்கள் குடும்பத்திலோ, சபையிலோ, பக்கத்து வீட்டிலோ கடந்த ஒரு மாதத்துக்குள் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை உண்டா என்று யோசித்துப் பாருங்கள். உண்டானால், இன்றைக்கே அவர்களிடத்தில் பேசி, இது எத்தனையாம் நாள் என்று கேளுங்கள்.